தரங்கம்பாடி மீன் குழம்பு

போன மாதம் மண்ணூர்பேட்டையில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன். இலையில் மீன் வறுவல் வைத்தார்கள். கல்யாணத்தில் மீனா என்று சந்தோஷமாகக் கையை வைக்கப் போனேன். எதிர் வரிசையில் சாப்பிட்டு முடித்த பெரியவர் ஒருவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். தலைக்குக் கரேலென்று மை, வாயில் புதுப் பல்செட். சிரித்த பிறகுதான் ஆளை அடையாளம் தெரிந்தது. தேவராஜ் மாமா. எங்கள் நைனாவோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர். சொந்தம் ஒன்றும் கிடையாது. மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் நைனா வயது ஆம்பளைகள் எல்லோருமே எனக்கு மாமாதான்.

"எஸ்தர் பொண்ணுதானே நீ? அம்மா எப்டி கீறா? தரங்கம்பாடியில வச்சா பாரு ஒரு மீன் கொழம்பு! இன்னும் நாக்குலயே நிக்குது பாப்பா. அந்த மீன வாங்கியாந்தது யாரு? இந்த தேவராஜுதான்!"

நெஞ்சில் வேறு தட்டிக்கொண்டார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கோபம் வந்தால் எனக்கு முதலில் காதுதான் சூடாகும், பிறகுதான் வாய் திறக்கும்.

"அந்தக் கொழம்பு மேல எனக்கு எவ்ளோ ஆத்திரம்னு உங்களுக்குத் தெரியாது மாமா" என்றேன்.

"தெரியாம இன்னா! உனக்கு ஒரு துண்டு கம்மியா வுழுந்துச்சின்னு அன்னிக்கே மூஞ்சத் தூக்கி வச்சிகினு இருந்தியே" என்று என் தலையில் தட்டிவிட்டு பீடா வாங்கப் போய்விட்டார். ஐம்பதை நெருங்கும் பொம்பளை நான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீன் அப்படியே இலையில் ஆறிப்போனது.

நீங்களே கேட்டுவிட்டு ஒரு ஞாயம் சொல்லுங்கள்.

அந்தக் காலத்தில் மே மாதம் கம்பெனி ஆண்டு விடுமுறை விட்டதும் தேவராஜ் மாமா ஒரு டூரிஸ்ட் வேன் பிடிப்பார். தெருவிலிருந்து நாலைந்து குடும்பம் கிளம்பும். பாதிப் பேர் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர்கள். அதில் இந்துக்களும் உண்டு, எங்களைப் போல லுத்தரன் சபைக்காரர்களும் உண்டு, யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. போகிற வழியெல்லாம் பழைய கோட்டை, இடிந்த கோயில், கடற்கரை ஊர் என்று நிறுத்தி நிறுத்திப் போவோம். தேவராஜ் மாமாவுக்கு இடிந்த சுவர் எதைப் பார்த்தாலும் விளக்கம் சொல்லியாக வேண்டும். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் அந்தக் காலத்து ராஜா தூங்குற கட்டிலு" என்று சொன்னவர் அவர். நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். ஒருத்தன் அதில் படுத்துப் போட்டோ கூட எடுத்துக்கொண்டான்.

வேன் என்றால் அந்த வாசனைதான் முதலில் வருகிறது. டீசல், வாந்திக்கு முகர்ந்து பார்க்கிற எலுமிச்சம்பழம், கனகாம்பரத்தோடு சேர்த்துக் கட்டிய மல்லி, இவற்றுக்கெல்லாம் மேலே மண்ணெண்ணெய். பின் சீட்டுக்கு அடியில் பம்ப் ஸ்டவ் இரண்டு இருக்கும். வேன் தலையில் அண்டா, குண்டான், அரிசி மூட்டை, எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் பிடித்த டிரம். ஓட்டல் சாப்பாடு உடம்புக்கு ஆகாது என்பது டூரின் சட்டம். யார் உடம்புக்கு ஆகாது, யார் கண்டுபிடித்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ஊர் வந்து வேன் நின்றதும் ஆம்பளைகளும் பிள்ளைகளும் ஒரு பக்கம் இறங்கி கோட்டைக்குப் போவார்கள். பொம்பளைகள் இன்னொரு பக்கம் இறங்கி, நிழல் எங்கே, தண்ணீர் எங்கே என்று பார்ப்பார்கள். நாங்கள் பார்த்துவிட்டு வரும்போது சோறு வடித்திருக்கும். சாப்பிட்டு, அவர்கள் பாத்திரம் தேய்த்து முடித்ததும் வேன் கிளம்பிவிடும். இதுதான் எங்கள் உல்லாசப் பயணம்.

இன்றைக்கும் எங்கள் அம்மாவிடம் அந்த ஊர்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மாமல்லபுரமா? "காத்து ஜாஸ்தி, ஸ்டவ்வு நிக்காது." சதுரங்கப்பட்டினமா? "வேப்ப மரத்து நெழலு நல்லா இருக்கும்." பாண்டிச்சேரியா? "கொழா கீது, ஆனா சொட்டு சொட்டா வரும்." சிதம்பரத்து மண் பாத்திரம் தேய்க்க நல்லது. பூம்புகார்த் தண்ணீரில் பருப்பு வேகாது. கரையோரம் முழுக்க இப்படிச் சொல்லிக்கொண்டே போவாள். மாமல்லபுரத்தில் கடலோரம் ஒரு கோயில் நிற்கிறது என்று காலண்டரைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும். அந்தக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை வெங்காயம் உரித்திருக்கிறாள். நினைத்தால் வயிறு எரிகிறது. அப்போது எனக்கு எரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பீரங்கி மேல் யார் முதலில் ஏறி உட்காருவது என்கிற சண்டையில் மும்முரமாக இருந்தேன்.

மற்ற ஊர்களைப் பார்க்கவில்லையே என்று அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. தரங்கம்பாடி மேல் மட்டும் ஓர் ஆசை இருந்தது. அதற்குக் காரணம் ஓர் அட்டைக் கோட்டை.

அம்மா பூந்தமல்லியில் வளர்ந்தவள். ஞாயிறு பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸுக்கு நாடகம் போடுவார்கள். ஒரு வருஷம், வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் கப்பலில் வந்து தரங்கம்பாடியில் இறங்குகிற கதை. பாதிரி வேஷத்துக்கு இரண்டு பேர், கப்பலுக்கு நாலு பேர். அம்மா வயசுக்கு மீறிய உயரம், அதனால் அவளுக்குக் கோட்டை வேஷம். ஆளுயர அட்டையில் சுவரும் ஜன்னலும் வரைந்து கையில் கொடுத்து, நாடகம் முடிகிற வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கச் சொல்லிவிட்டார்கள். கோட்டைக்கு ஏது வசனம்? நடுவில் ஒரு தும்மல் வந்து கோட்டை ஆடியதாம், சபையே சிரித்ததாம். இதைச் சொல்லும்போது அம்மாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். கடைசியில் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் நின்ன கோட்டைய நெசத்துல ஒருவாட்டி பாக்கணும்டி" என்பாள்.

ஒரு வருஷம் அவள் வாயைத் திறந்து கேட்டே விட்டாள். வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில்தானே இருக்கிறது, ஒரு மத்தியானம் நிறுத்தினால் என்ன என்று கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து நைனாவை நச்சரித்தாள். நைனா தேவராஜ் மாமாவிடம் சொன்னார். "எக்கா கேட்டு இல்லன்னு சொல்லுவனா!" என்று அவரும் ஒத்துக்கொண்டார். அத்தனை வருஷ டூரில் ஒரு பொம்பளை கேட்டு வேன் நின்ற ஊர் அது ஒன்றுதான்.

அம்மா அதோடு விடவில்லை. அங்கே அடுப்பே பற்றவைக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவோடு உட்கார்ந்து திட்டம் போட்டாள். அந்த மத்தியானத்துக்குப் புளிசோறு. முதல் நாள் ராத்திரி வேன் தங்கின இடத்திலேயே கிளறி, வாழை இலையில் பொட்டலம் கட்டி, தொட்டுக்கொள்ள வடகம் வறுத்து டப்பாவில் போட்டாகிவிட்டது. போய் இறங்க வேண்டியது, பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட வேண்டியது, எல்லோரும் சேர்ந்து கோட்டையைப் பார்க்க வேண்டியது. காலையில் அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டுகிற கத்திரிப்பூ கலர்ப் புடவையைக் கட்டிக்கொண்டாள். டூரில் நைட்டி, இல்லையென்றால் பழைய வாயில் புடவை என்று இருக்கிறவள். "இன்னா எஸ்தரு, பொண்ணு பாக்க வராங்களா?" என்று ஸ்டெல்லா அக்கா கேலி பண்ணினாள். அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை.

தரங்கம்பாடிக்கு மத்தியானத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். பழைய மதில் வாசலைத் தாண்டி, பெரிய பெரிய தூண் வைத்த வீடுகளையும் வேதக் கோயில்களையும் தாண்டி, ஒரு சந்து ஓரத்துப் பூவரச மரத்தடியில் வேன் நின்றது. அங்கிருந்து கோட்டை தெரியாது. சந்து திரும்பினால்தான் தெரியும். தேவராஜ் மாமா, "காத்து வாங்கினு வந்துடறோம், அப்பால எல்லாரும் சேந்து துன்னலாம்" என்று நைனாவையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். அம்மா தலையைச் சீவி, பூவைச் சரி செய்து, என் கையைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள்.

போனவர்கள் ஒரு கூடையோடு வந்தார்கள்.

"எக்கா, இங்க பாரு! இப்போதான் படகுலேர்ந்து எறக்கினது. துள்ளிகினு கீது!" கூடை நிறையச் சங்கரா மீன். சிவப்புச் சிவப்பாய், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தன. பிள்ளைகள் ஓவென்று கத்தினோம். நானும் கத்தினேன், ஏன் மறைக்க வேண்டும்?

"ஐயே, புளிசோறு கீதே" என்றாள் அம்மா.

"புளிசோறு கெடாதுக்கா. ராவிக்குக் கூட துன்னலாம். மீனு கெட்டுப்பூடும் இல்ல?"

பாருங்கள் அந்த ஞாயத்தை! கெடாத சோறாகப் பார்த்துக் கட்டினதே அவள் செய்த தப்பாகிவிட்டது. அன்றைக்கு வெறும் ரசம் சோறு கட்டியிருந்தால் அது ஊசிப்போய்விடும் என்றாவது சொல்லியிருக்கலாம். ஸ்டெல்லா அக்கா குறுக்கே புகுந்து, அருவாமனை கொண்டுவரவில்லை, மீனை எதால் ஆய்வது என்று கேட்டுப் பார்த்தாள். தேவராஜ் மாமா முதுகுக்குப் பின்னாலிருந்து ஓர் அருவாமனையை எடுத்து நீட்டினார். மீன்காரர் வீட்டில் இரவல் கேட்டு வாங்கி வந்திருக்கிறார், புண்ணியவான். எல்லோரும் கைதட்டினார்கள்.

"கோட்டைய பாத்துட்டு வந்து வைக்கிறனே தேவராஜு" என்றாள் அம்மா. கெஞ்சின மாதிரிதான் இருந்தது குரல்.

"கோட்டை எங்கக்கா ஓடிப்பூடுது? இத்தினி வருசமா நின்னுகினுதானே கீது. மீனு நிக்குமா?"

நைனா சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை எங்கள் நைனா. குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுப்பார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "வச்சிடு எஸ்தரு. கோட்டைய அடுத்த வருசம் பாத்துக்கலாம்." அடுத்த வருஷமாம்! திட்டினால் திருப்பித் திட்டலாம், அழலாம், வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இத்தனை சந்தோஷமாக, ஆசையாக ஒரு கூடை மீனை நீட்டுகிறவர்களை என்ன செய்வது?

அம்மா என் கையை விட்டாள். "நீ போயி பாத்துட்டு வா" என்றாள். கத்திரிப்பூ கலர்ப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அருவாமனை மேல் உட்கார்ந்தாள்.

நான் போய்ப் பார்த்தேன். உச்சியில் ஏறிக் கடலைப் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் அலையடித்து முன்பக்கம் போய்விட்ட ஒரு பழைய சிவன் கோயிலில் பாறைக்குப் பாறை தாவினேன். தேவராஜ் மாமா கோட்டைக்குள் ஒவ்வோர் அறையையும் காட்டி, "இங்கதான் ராஜாவோட பீரோ இருந்துச்சு" என்றார். திரும்பி வரும்போது சந்து முழுக்கக் குழம்பு மணந்தது. அம்மாவின் புடவையில் முழங்கால் வரைக்கும் செதில் ஒட்டி மினுக்கியது. அத்தனை பேரும் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார்கள், இரண்டு தரம் சோறு வடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் சட்டியை வழித்து, தலையும் முள்ளுமாக அம்மாவும் ஸ்டெல்லா அக்காவும் சாப்பிட்டார்கள். பிறகு அண்டா குண்டானெல்லாம் தேய்க்க வேண்டாமா? மரத்துக்குப் பக்கத்தில் இருந்த கிணற்றில் நீர் உப்பு. சோப்பு நுரைக்கவே இல்லை, மீன் நாற்றம் போகவே இல்லை.

தேய்த்து முடித்த ஈரக் கையோடு அம்மா அவசர அவசரமாகச் சந்து திரும்பி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். கோட்டைக் கதவை ஓர் ஆள் அப்போதுதான் இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார். "டைம் ஆயிடுச்சும்மா, நாளைக்கு வாங்க" என்றார். அம்மா மூடின கதவின் முன்னால் நின்று மூச்சு வாங்கினாள். நிமிர்ந்து சுவரைப் பார்ப்பதற்குள் வேன் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. இருட்டுவதற்குள் வேளாங்கண்ணி போக வேண்டுமே! அம்மா திரும்பி நடந்தாள்.

வேனில் தேவராஜ் மாமா ஏப்பம் விட்டபடி, "எக்கா, உன் கைக்குத் தங்க வளையல் போடணும்" என்றார். அம்மா சிரித்தாள். முந்தானையில் ஒட்டின செதிலை நகத்தால் சுரண்டிக்கொண்டே சிரித்தாள். தேவராஜ் மாமாவைக்கூட மன்னித்துவிடுவேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த வருஷம் வரவில்லை. கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். நைனா வேலை தேடி அலைந்தார், வேன் பிடிக்க ஆளில்லை. பிறகு என் கல்யாணம், தம்பி படிப்பு, நைனாவுக்கு நோய், நைனாவின் சாவு. நானும் சம்பாதித்தேன், காரும் வாங்கினேன். ஆனால் தரங்கம்பாடி என்ற பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் குழம்பைப் பற்றிப் பேசுவார்கள், நான் எழுந்து போய்விடுவேன். அவ்வளவுதான் நடந்தது.

ரிசப்ஷனிலிருந்து வந்த அன்றைக்கே, நாள் கூலிக்கு வந்து நம் காரை ஓட்டித் தருகிற ஓர் ஆக்டிங் டிரைவருக்குப் போன் போட்டேன். ஆவடிக்காரர், என் வயதுதான் இருக்கும். அந்த வாரமே ஒரு நாள் விடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டோம், அம்மா, நான், டிரைவர். "ஒரு டம்ளர் கூட எடுக்கக் கூடாது, வழியில ஓட்டல்தான்" என்று கண்டித்துச் சொன்னேன். நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்துத் தெற்கே திரும்பினதும் எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓட்டலில் தோசை சாப்பிட்டாள், நன்றாக இருக்கிறது என்றாள்.

தரங்கம்பாடியை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. தூண் வைத்த வீடுகள் பளபளவென்று தங்கும் விடுதியாகிவிட்டன. பூவரச மரம் இல்லை, அந்தக் கிணறு இல்லை. கோட்டையைப் பழுது பார்த்து நன்றாக வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை காரை வாசலுக்கு நேராகவே நிறுத்தச் சொன்னேன். கதவு விரியத் திறந்திருந்தது. காலை நேரம், சாத்துவதற்குப் பகல் முழுக்க இருந்தது.

அம்மா காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தாள். கோட்டையை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"நீங்க போயி பாத்துட்டு வாங்க. நான் சாமான் பாத்துக்கறேன்."

சாமானா! காரில் இருந்தது இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு குடையும்.

"இன்னா சாமான்மா? உனக்கோசரம்தானே இத்தினி தூரம் வந்தோம்! கால் வலிக்குதா? வீல்சேர் கேக்கட்டா?"

"காலுக்கு ஒண்ணுமில்ல. கால் நல்லாதான் கீது."

"அப்புறம் இன்னா?" நடுத்தெருவில் கத்தினேன். சைக்கிளில் போன ஒருத்தர் இறங்கி நின்று பார்த்தார். "எவ்ளோ ஆசையா இருந்த? அந்தப் பாவிங்க..."

"கத்தாதடி. ஆசையாத்தான் இருந்துச்சு, அப்போ. இப்போ இல்ல. இல்லாதத நான் எங்கேர்ந்து கொண்டாருவேன்?" வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். பிறகு டிரைவரைப் பார்த்து, "நீயும் போப்பா. இவ்ளோ தூரம் ஓட்டிகினு வந்து பாக்காம போவியா? வண்டிய நான் பாத்துக்கறேன்" என்றாள். அவர் எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டார்.

எந்த வருஷம் தீர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கோட்டை இருக்கிறது, கடல் இருக்கிறது, தேவராஜ் மாமாவின் நாக்கில் குழம்புகூட இருக்கிறது. இடிந்து கிடந்ததை எல்லாம் ஆள் வைத்து எடுத்துக் கட்டிவிட்டார்கள். எங்கள் அம்மாவின் ஆசையை எடுத்துக் கட்ட எந்தக் கொத்தனாரை நான் கூட்டிவருவது?

காசை மட்டும் எடுத்துக்கொண்டு கைப்பையைக் காரில் போட்டுவிட்டு, வீம்புக்கு டிக்கெட் வாங்கி உச்சி வரைக்கும் ஏறினேன். அங்கிருந்து கீழே பார்த்தால் எங்கள் கார் தெரிந்தது. அம்மா வெயிலுக்காகக் காரின் மறுபக்கம் வந்து உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்து, என் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கோட்டைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கி வருகிற வரைக்கும் அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.